டிஸ்க் கோல்ஃப் பை: தோளில் மாட்டும் முன் தரையில் வைத்துப் பாருங்கள்

டிஸ்க் கோல்ஃப் பை வாங்கப் போகிறவர் கடையில் செய்யும் முதல் வேலை, அதை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பது. பிறகு முன்னும் பின்னும் நாலு எட்டு நடந்துவிட்டு, ‘சுகமாகத்தான் இருக்கிறது’ என்று பணத்தை எடுப்பார். மலையேறப் போகிறவருக்கு அந்தச் சோதனை போதும். காலையில் மாட்டிய பையை அவர் மதியம் வரை இறக்கமாட்டார். நம் ஆட்டம் வேறு: தட்டுப்போன்ற டிஸ்க்கை எறிந்து, கம்பத்தில் நிற்கும் கூடையில் விழவைப்பது. நடக்கிறோம், பையை இறக்குகிறோம், டிஸ்க்கை உருவி எறிகிறோம், மறுபடி பையைத் தூக்குகிறோம். 18 கூடைகள் கொண்ட ஒரு சுற்றில் கூடைக்கு இரண்டு மூன்று முறை என்று வைத்துக்கொண்டாலும் பை 40, 50 தடவை மண்ணில் உட்கார்ந்து எழுந்துவிடும். அதைப் பார்த்துத்தான் பையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு ஓர் உரிமை இருக்கிறது. நான் ஆடுகிறவன் மட்டுமல்ல, கனத்த துணி தைக்கும் இயந்திரத்தோடு பை பழுதுபார்ப்பவனும்கூட. ஆட்டக்காரர்கள் கொண்டுவரும் பைகள் பெரும்பாலும் அதே நாலு இடங்களில்தான் போயிருக்கும்: அடியின் மூலைகள், தோள்வார் மேலே சேரும் தையல், ஜிப் வளைந்து திரும்பும் இடம், உள்ளே டிஸ்க்குகள் உரசும் தடுப்புத் துணி. இந்த நாலும் கண்ணாடியில் தெரியாதவை.

எவ்வளவு சுமக்கப் போகிறீர்கள்?

பையின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் டிஸ்க்குகள்தான், விளம்பரம் அல்ல. தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவின் விதிப்படி ஒரு டிஸ்க்கின் விட்டம் 21 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. எடை, விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராமைத் தாண்டக் கூடாது. அதனால்தான் நாம் எறிகிற டிஸ்க்குகளில் பெரும்பாலானவை 165 முதல் 180 கிராமுக்குள் நிற்கின்றன. இருபது டிஸ்க் என்றால் மூன்றரை கிலோ ஆயிற்று. காலிப் பையே ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர், துண்டு, குடை, மழைச்சட்டை எல்லாம் சேர்ந்தால் ஏழு கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதை 45 தடவை தூக்கினால் ஒரு சுற்றில் 300 கிலோவுக்கு மேல் தூக்கியிருப்பீர்கள். மறுநாள் தோள் வலித்தால் எறிந்ததை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

‘25 டிஸ்க் கொள்ளும்’ என்ற வாசகத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். தூரம் போக எறியும் டிரைவர் தட்டையானது; கூடைக்கு அருகிலிருந்து எறியும் பட்டரும் நடுத்தூரத்துக்கான மிட்ரேஞ்சும் அதைவிட உயரம். நிறுத்தி அடுக்கும்போது பத்து டிரைவர் பிடிக்கும் நீளத்தில் பத்து பட்டர் நிற்காது. தவிர, இறுக்கி அடைத்த வரிசையிலிருந்து ஒன்றை உருவினால் பக்கத்தில் இருப்பதும் கூடவே வரும். வரிசைக்கு இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியைக் கழித்த பிறகு என்ன எண்ணிக்கை வருகிறதோ, அதுதான் உங்கள் பையின் உண்மையான கொள்ளளவு. தடுப்பின் உள் அகலத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். சில மிட்ரேஞ்சுகள் 22 சென்டிமீட்டரை நெருங்கும் என்பதால், உள் அகலம் 23 இருந்தால்தான் டிஸ்க் சிக்காமல் வரும்.

புதிதாக ஆட வந்தவருக்கு நான் பெரிய பையைச் சிபாரிசு செய்வதே இல்லை. ஒரு பட்டர், ஒரு மிட்ரேஞ்ச், ஒரு ஃபேர்வே டிரைவர் (டிரைவர்களில் வேகம் குறைந்தது) இருந்தால் ஆட்டம் கற்றுக்கொள்ளலாம். எட்டுப் பத்து டிஸ்க் பிடிக்கும் ஒற்றை வார்ப் பை அவருக்கு நெடுநாள் வரும். டிஸ்க் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது, தண்ணீரும் ஒரு லிட்டருக்கு மேல் வேண்டும் என்ற நிலையில் முதுகுப்பைக்கு மாறினால் போதும். பெரிய பை வாங்கினால் அது நிறைந்துவிடும். அதில் பாதி டிஸ்க்குகள் வெளியே வராமலேயே வீடு திரும்பும்.

அடிப்பாகம்

கடைக்காரர் தோள்வாரின் மென்மையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பையைத் தலைகீழாகத் திருப்புங்கள். அடித்துணி பக்கத் துணியோடு எங்கே சேர்கிறது என்று பாருங்கள். அந்தத் தையல் சரியாக விளிம்பில் ஓடினால், பையை வைக்கும்போதெல்லாம் நூலே மண்ணில் உரசும். நல்ல பையில் அடித்துணி இரண்டு விரல் உயரமாவது மேலேறி, அதற்குப் பிறகுதான் பக்கத் துணியோடு சேரும். விளிம்பைச் சுற்றி உருண்டையாக பைப்பிங் வைத்துத் தைத்திருந்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் துருத்திக்கொண்டு நிற்பது அதுதான், முதலில் தேய்வதும் அதுதான். மூலையில் பைப்பிங் பிய்ந்து உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் எட்டிப்பார்க்கும் பைகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன.

அடி கெட்டியாக இருக்க வேண்டும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தகடு, வெளியே ரப்பர் பூசிய துணி அல்லது வார்த்தெடுத்த ஒரே தட்டு, நாலு மூலையிலும் சிறு பாதங்கள் என்றிருந்தால் நல்லது. ஈரப் புல்லில் வைத்துவிட்டு நடக்கிறோம். துணி அடியாக இருந்தால் நாலைந்து கூடைகளுக்குள் ஈரம் உள்ளே ஏறும். உள்ளே போன நீர் வெளியேற அடியில் சிறு கண் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. நனைந்த டிஸ்க்குகளை மழையில் திரும்பத் திரும்ப உள்ளே போடுகிறோம், அந்த நீர் எங்கேயாவது போயாக வேண்டும்.

அடுத்து, பை நிற்குமா? நீங்கள் சுமக்கும் அளவுக்குப் பையை நிரப்புங்கள். டிஸ்க் இல்லாவிட்டால் தண்ணீர்ப் புட்டிகளும் புத்தகங்களும் போதும். கொஞ்சம் சரிவான இடத்தில் வைத்து, ஒரே கையால் மூடியைத் திறந்து, கடைசி வரிசையிலிருந்து ஒரு பொருளை உருவுங்கள். பை கவிழ்ந்தால் அதைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். தனியே கம்பிக் கால் வைத்த பைகள் உண்டு. சமதரையில் அழகாக நிற்கும், வேர்களும் கற்களும் நிறைந்த காட்டுத் தடத்தில் அவை அடிக்கடி சாயும். அகன்ற அடியையே நான் அதிகம் நம்புகிறேன்.

இந்தச் சோதனையோடு இன்னொன்றையும் செய்துவிடலாம். பையை மாட்டிக்கொண்டு, கூடைக்கு அடியில் விழுந்த டிஸ்க்கை எடுப்பதுபோல் நன்றாகக் குனியுங்கள். தலைக்குப் பின்னால் இருக்கும், பட்டர் வைக்கும் சிறு அறையிலிருந்து ஏதாவது உங்கள் கழுத்தைத் தாண்டி வந்து விழுகிறதா? கையெட்டும் தூரத்தில் பட்டர் இருப்பது வசதிதான். ஆனால் அந்த அறைக்கு வெறும் வலைத்துணியும் எலாஸ்டிக்கும் மட்டும் இருந்தால், எலாஸ்டிக் தொய்ந்ததும் டிஸ்க் நழுவ ஆரம்பிக்கும்.

தையலைப் படிப்பது

தோள்வாரின் மேல்முனை முதுகுப் பகுதியோடு சேரும் இடம்தான் பையின் உயிர்நாடி. நாம் பையை இரண்டு கையால் தூக்கி ஒழுங்காக மாட்டுவதில்லை. ஒரு வாரைப் பிடித்து வீசி ஒரு தோளில் போட்டுக்கொண்டு அடுத்த எறிதலுக்கு நடந்துவிடுகிறோம். ஏழு கிலோவும் ஒரு வெட்டு இழுப்போடு அந்த ஒற்றை இணைப்பில் விழுகிறது, அதுவும் எப்போதும் அதே பக்கத்தில். வலக்கைக்காரர்களின் பையில் வலது வார் விட்டிருப்பதையும், இடக்கைக்காரர் பையில் இடது வார் விட்டிருப்பதையும்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

வாரின் முனையை இரண்டு துணிகளுக்கு நடுவே சொருகி ஒரே வரித் தையல் போட்டு முடித்திருந்தால் அந்தப் பை வேண்டாம். முனை முதுகுத் துணியின்மேல் இறங்கிப் படிந்து, அதன்மேல் ஒரு சதுரமும் சதுரத்துக்குள் பெருக்கல் குறியுமாகத் தைத்திருக்க வேண்டும். அல்லது நூல் நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் போய்க் கெட்டித்த குட்டிக் கோடுகள் இருக்க வேண்டும். உள்ளே லைனிங் மறைத்தால் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அந்த இடத்தைக் கிள்ளிப் பாருங்கள். பின்னால் ஒரு பட்டைத் துணி கொடுத்துத் தைத்திருந்தால் தடிமன் கைக்குத் தெரியும்.

தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். கனத்த துணியில் அது நேர்மாறு. ஊசித் துளைகள் மிக நெருங்கினால், தபால்தலைத் தாளில் துளையிட்டதுபோல், துணி அந்த வரியிலேயே கிழியும். ஓர் அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டுத் தையல் இருந்தால் எனக்குத் திருப்தி. அதைவிட முக்கியம், தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பது. பையின் உட்புறத்தைத் திருப்பினால் ஓரங்கள் தெரியும். ஒரு சென்டிமீட்டர் விட்டு, அதைப் பட்டி வைத்துச் சுற்றித் தைத்திருந்தால் பை பிழைக்கும். துணியை மிச்சம் பிடிக்க ஓரத்தை அரை சென்டிமீட்டருக்கும் குறைத்தவர்களின் பைகளில் ஒரு வேடிக்கை நடக்கும்: நூல் அறுந்திருக்காது, தையல் அப்படியே முழுதாக இருக்கும், துணி மட்டும் இழை இழையாகப் பிரிந்து தையலிலிருந்து நழுவி வெளியே வந்திருக்கும். அதை மறுபடி தைக்கத் துணியே மிஞ்சியிருக்காது.

மேலே உள்ள கைப்பிடியையும் இதே கண்ணோடு பாருங்கள். கைப்பிடி கெட்டியாக, உள்ளங்கைக்கு வசதியாக இருந்தால் அதைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் தானாகவே வரும், தோள்வார் பிழைத்துக்கொள்ளும். மெல்லிய நாடாக் கைப்பிடி விரலை அறுக்கும், யாரும் தொடமாட்டார்கள்.

துணி பற்றிச் சுருக்கமாக. சீட்டில் 600, 1000 என்று டெனியர் எண் போட்டிருக்கும். 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் எடையோ அதுதான் டெனியர். இழையின் பருமனைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. நைலான் உரசலை நன்றாகத் தாங்கும், ஆனால் கொஞ்சம் நீரைக் குடிக்கும், வெயிலில் நாளடைவில் தளரும். பாலியெஸ்டர் வெயிலை அதைவிட நன்றாகத் தாங்கும். அடியிலும் மூலைகளிலும் கனமான நைலானும் மேலே பாலியெஸ்டரும் வைத்த பை எனக்குப் பிடிக்கும். கோர்டுரா என்ற பெயரை (உறுதியான துணிகளின் வணிகப்பெயர்) பார்த்தால், பையின் எந்தப் பகுதி அந்தத் துணியில் இருக்கிறது என்று கேளுங்கள். சின்னம் முன்பக்கத்தில் இருக்கும், தேய்வதோ அடிப்பக்கம்.

துணியின் உள்முகத்தில் நீர் புகாமலிருக்கப் பாலியூரித்தேன் பூச்சு கொடுப்பார்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது காலப்போக்கில் சிதைந்து, முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். பயன்படுத்தாமல் அலமாரியில் பூட்டிவைத்த பைக்கும் இது நேரும். ஆகவே பாதி விலைக்குத் தருகிறார்கள் என்று நெடுநாள் கிடங்கில் கிடந்த பையை எடுக்கும் முன், உள்ளே விரலை வைத்து அழுத்தி எடுங்கள். ஒட்டினால் வேண்டாம். பூச்சு நன்றாக இருந்தாலும் தையல் துளை வழியே பெருமழையில் நீர் வரும். மழையுறை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிப்பும் உள்தடுப்பும்

டிஸ்க்குகள் நிற்கும் பெரிய அறைக்கு ஜிப் இல்லாத பைதான் என் தேர்வு. மடித்து மூடும் மூடி போதும். ஒரு சுற்றில் இத்தனை தடவை திறந்து மூடும் வாய்க்கு ஜிப் வைப்பது எனக்கு வேலை தருவதற்குத்தான். சிறு அறைகளுக்கு ஜிப் இருக்கட்டும். அங்கே சுருள் பல் ஜிப் நல்லது, வளைவில் மடங்கிக் கொடுக்கும். தனித்தனிப் பல் வைத்த ஜிப் மண்ணுக்கு அதிகம் அஞ்சாது, ஆனால் ஒரு பல் போனால் முழு ஜிப்பும் போயிற்று. ரன்னரின் பின்புறத்தில் பெரும்பாலும் 5, 8, 10 என்று ஓர் எண் பொறித்திருக்கும். எண் பெரிதாக ஆக ஜிப்பும் பெரிது. அடிக்கடி திறக்கும் அறைக்கு 8 அல்லது 10 இருக்கட்டும். ஒரே விரலால் ரன்னரை வளைவைச் சுற்றி இழுத்துப் பாருங்கள். பை காலியாக இருக்கும்போதே வளைவில் திணறினால், நிரப்பிய பிறகு என்ன ஆகும்?

உள்தடுப்புக்கு வருவோம். மரத்தில் மோதிய டிஸ்க்கின் விளிம்பை விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள். பிளாஸ்டிக் சிலும்பி, ஊசிபோல் சிறு முட்கள் நிற்கும். அப்படிப்பட்ட டிஸ்க்கை மெல்லிய லைனிங்கின்மேல் நூறு தடவை உருவிச் சொருகினால், லைனிங்கில் பிறை வடிவத்தில் ஒரு தேய்மானக் கோடு விழும், பிறகு அங்கேயே கிழியும். தடுப்பு கெட்டியான துணியில், உள்ளே தகடு வைத்து இருக்க வேண்டும். விளிம்பு உரசும் உயரத்தில் இரட்டைத் துணி இருந்தால் செய்தவர் ஆடிப் பார்த்துச் செய்திருக்கிறார் என்று பொருள். சிலும்பலை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்ய விதியிலும் இடமுண்டு; பைக்கும் நல்லது, உங்கள் விரலுக்கும் நல்லது.

லைனிங் வெளிர் நிறத்தில் இருந்தால் உள்ளே விழுந்த பொருள் கண்ணில் படும். கறுப்பு லைனிங்கில் கறுப்புப் பேனாவைத் தேடுவது தண்டனை.

உடம்புக்குப் பொருந்துவது

இப்போது கண்ணாடி முன் நிற்கலாம், ஆனால் முழு எடையோடு. காலிப் பை எல்லோருக்கும் பொருந்தும். கழுத்தைக் குனிந்தால் பின்னால் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பு எலும்பின் மேல்விளிம்பு வரை உள்ள நீளம்தான் உங்கள் முதுகின் அளவு. உயரமானவருக்கு நீண்ட முதுகு இருக்கும் என்று நிச்சயம் இல்லை. டிஸ்க் கோல்ஃப் பைகள் பெரும்பாலும் ஒரே அளவில் வருவதால், உங்கள் முதுகுக்கு அது குட்டையா நெட்டையா என்று பார்த்தே ஆக வேண்டும். வார் தோளின்மேல் இடைவெளியில்லாமல் படிந்து கீழிறங்க வேண்டும். தோளுக்கும் வாருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தாலோ, வார் கழுத்துப் பக்கம் ஏறி அறுத்தாலோ, பட்டியை இழுத்துச் சரிசெய்யப் பாருங்கள், சரியாகாவிட்டால் விட்டுவிடுங்கள். பழகப் பழகச் சரியாகும் என்று கடைக்காரர் சொல்வார். முதுகின் நீளம் பழக்கத்தால் மாறாது.

வாரின் ஸ்பாஞ்ச் தடிமனாகவும் மெத்தென்றும் இருந்தால் சந்தேகப்படுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் விரல் அந்தப் பக்கத் துணியைத் தொடக் கூடாது. கொஞ்சம் அமுங்கி எதிர்த்து நிற்க வேண்டும். அப்படிப்பட்ட அடர்த்தியான ஸ்பாஞ்ச் முதல் நாள் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பல காலம் வடிவம் மாறாது. மெத்தென்றது சீக்கிரமே சப்பையாகி, துணியின் ஓரத் தையல் தோளில் பதியும்.

மார்புப் பட்டி வைத்துக்கொள்ளுங்கள், நீண்ட நடைக்கு உதவும். இடுப்புப் பட்டியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. மலையேற்றத்தில் அது எடையை இடுப்புக்கு இறக்கி உயிரைக் காப்பாற்றும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு எறிதலுக்கும் பக்கிளைப் போட்டுக் கழற்றும் பொறுமையுள்ளவரை நான் சந்தித்ததில்லை. தொங்கும் பட்டி மண்ணில் இழுபட்டு, செடியில் மாட்டி, கடைசியில் வெட்டித் தரும்படி என்னிடம் வரும். கழற்றிவைக்கும்படியான பட்டி என்றால் பாதகமில்லை.

தண்ணீருக்கு இரு பக்கமும் அறை இருக்க வேண்டும். ஒரே பக்கம் இருந்தால் உடம்பு சாயும். கனமானவற்றை முதுகை ஒட்டி அடுக்குங்கள்.

முதுகுவலி ஏற்கெனவே இருப்பவர் சக்கர வண்டியைப் பார்க்கலாம். சமதரையில் அது பெரிய நிம்மதி. உட்காரவும் பலவற்றில் வசதி உண்டு. வேரும் படிக்கட்டும் உள்ள தடத்தில் வண்டியையே நீங்கள் சுமக்க நேரும். எந்தத் தடத்தில் அதிகம் ஆடுகிறீர்களோ அதை நினைத்து முடிவெடுங்கள்.

சில்லறை அறைகளைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். டிஸ்க் விழுந்த இடத்தை அடையாளமிடும் குட்டி டிஸ்க்கான மினி மார்க்கர், விதிப்படி 7 முதல் 15 சென்டிமீட்டர் விட்டம் வரை இருக்கலாம். உங்களுடையது எந்த அளவோ, அதற்கு வெளிப்புறத்தில், பையை இறக்காமல் கையெட்டும் ஓர் அறை வேண்டும். துண்டு தொங்க ஒரு வளையம், ஈரம் படாமல் கைப்பேசிக்கு ஓர் அறை, அவ்வளவுதான். பதினாறு அறை உள்ள பையில் சாவியைப் பதினாறு இடத்தில் தேடுவீர்கள்.

இணையத்தில் வாங்குவதானால் திருப்பியனுப்பும் கெடுவுக்குள், வீட்டுக்குள்ளேயே இந்தச் சோதனைகளை எல்லாம் செய்துவிடுங்கள். வெளியே மண்ணில் வைத்துவிட்டால் திருப்ப முடியாது. உத்தரவாதச் சீட்டில் ‘தயாரிப்புக் குறை’ என்றும் ‘தேய்மானம்’ என்றும் இரண்டு சொற்கள் இருக்கும். தையல் விடுவது இவற்றில் எதில் சேரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பும் முன் பழைய பையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஜிப் மூடியும் மூடாமல் பின்னால் பிளந்துகொண்டே வருகிறது என்றால் பெரும்பாலும் பற்கள் கெட்டிருக்காது, ரன்னர்தான் தேய்ந்து வாய் அகன்றிருக்கும். அதை மட்டும் மாற்றுவது சில நிமிட வேலை. வார் விட்டிருந்தாலும் ஓரத்தில் துணி மிச்சமிருந்தால் பட்டை வைத்துத் தைத்துவிடலாம். அடி தேய்ந்து ஓட்டை விழுந்து, பூச்சும் உதிர ஆரம்பித்திருந்தால் மட்டும் தைக்கக் கொடுக்காதீர்கள், கூலி வீண்.